லண்டன் என்று எழுத மாட்டேன்

அட்டையிலும் தீப்பெட்டியிலும் செய்த அந்த ஊருக்கு நான் எழுதிய பெயரை மாற்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தூத்துக்குடியில் இன்றும் யாராவது என்னைக் கண்டால், "ஒத்த வார்த்தைய மாத்தியிருந்தா இந்நேரம் வேலை நிரந்தரமாயிருக்கும், பாவம்" என்று அனுதாபப்படுகிறார்கள். அனுதாபத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒற்றை வார்த்தைக்குள் நான் ஆறு வருடம் குடியிருந்திருக்கிறேன்.

என் அப்பா முத்துத் தரம் பிரிப்பவர். பித்தளைச் சல்லடைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் சலித்து, பருமன் வாரியாகவும் ஒளி வாரியாகவும் முத்தைப் பிரித்து வைப்பார். பம்பாய் வியாபாரி ஒருவருக்குக் கோபே துறைமுகத்தில் கடை இருந்தது. அங்கே ஜப்பான்காரர்கள் சிப்பியைத் திறந்து, உள்ளே மணி வைத்து, திரும்பக் கடலில் தொங்கவிட்டு முத்து வளர்க்கிறார்கள். அதைத் தரம் பிரிக்க அப்பாவைக் கூப்பிட்டார்கள். அம்மாவும் நானும் கூடப் போனோம். எங்கள் கரையில் முத்து என்றால் கடல் தானாகத் தருவது, ஆள் மூச்சடக்கி எடுத்து வருவது. வளர்த்த முத்துக்கு இங்கே பெயர் கள்ள முத்து. அதனால், போர் அந்தப் பக்கம் முற்றுவதற்கு முன் நாங்கள் ஊர் திரும்பியபோது அப்பாவுக்குக் கள்ளமுத்துக்காரர் என்று பெயர் வைத்தார்கள். பதினொரு வயதான எனக்கு ஜப்பான்காரி.

அந்தப் பெயரை நான் தூக்கி எறியவில்லை, சட்டையில் ஊக்கு மாதிரி குத்திக்கொண்டேன். ஜப்பான் விமானம் வந்து துறைமுகத்தில் குண்டு போடப்போகிறது என்று ஊர் மூட்டை கட்டிய நாட்களில் நாங்களும் சாத்தான்குளம் பக்கம் போகிற மாட்டுவண்டி ஒன்றில் ஏறினோம். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஏளா ஜப்பான்காரி, ஒங்க ஆளுவகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன், எங்க வீட்டு மேல மட்டும் போட வேண்டாம்னு."

"சொல்லிட்டேன் அக்கா. ஒங்க வீடு எதுன்னு அடையாளம் தெரியணுமாம். மச்சில ஏறி நின்னு கைய ஆட்டச் சொன்னாக."

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு சாத்தான்குளம் வரை வலித்தது. வண்டியில் மற்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அந்தப் பெண்ணும் சிரித்தாள். குண்டும் விழவில்லை.

போர் முடிந்தது. வெள்ளைக்காரனும் போனான். நான் பள்ளி இறுதி வகுப்பு தேறி, வீட்டில் இருக்கப் பிடிக்காமல், கடற்கரையை ஒட்டிய ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சராகச் சேர்ந்தேன். வள்ளத்தில் மீனுக்குப் போகிறவர்கள், தோணியில் சரக்கு ஏற்றுகிறவர்கள், உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள், இவர்கள் பிள்ளைகள்தான் என் வகுப்பு. பள்ளியின் மேனேஜர் ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி. பென்சில் முனை உடைந்தாலும் அவர் கடைக்குத்தான் ஓட வேண்டும். நல்ல மனிதர். ஆண்டு விழா முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது என் வேலையை நிரந்தரமாக்கக் கமிட்டியில் பேசுவதாக அவரே வந்து சொன்னார். எனக்கு அந்த வேலை வேண்டும். வேறு எதையும் நான் அவ்வளவு விரும்பியதில்லை. காலையில் வகுப்புக்குள் நுழையும்போது அந்தப் பிள்ளைகளிடமிருந்து வருகிற மீன்வாடையும் தேங்காய் எண்ணெய் வாடையும் சேர்ந்த வாசனைக்காகவே நான் வேகமாக நடப்பேன்.

ஆண்டு விழாவுக்கு வகுப்புக்கு ஒரு காட்சி வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு வகுப்பு சோப்பில் கோபுரம் செதுக்கியது. இன்னொன்று கலங்கரை விளக்கம் கட்டியது. நான் என் பிள்ளைகளிடம் கேட்டேன்: "ஊருன்னா எத்தனை விதம்?"

"மீனு பிடிக்கிற ஊரு, உப்பு வெளையுற ஊரு, கப்பல் வாற ஊரு, சாமி இருக்குற ஊரு" என்று ஒருவன் மூச்சு விடாமல் சொன்னான்.

"இன்னொரு விதம் இருக்கு. தூங்குற ஊரு."

வகுப்பு சிரித்தது. நான் விடவில்லை. அங்கே வீடு மட்டும் இருக்கும், வேலை வேறு பட்டணத்தில் இருக்கும். காலையில் அப்பாக்கள் எல்லோரும் ரயில் ஏறிப் போவார்கள், சாயங்காலம் அதே ரயிலில் வருவார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள் என்றேன்.

"அப்போ அது ஊரா டீச்சர், சத்திரமா?"

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எங்கள் வகுப்புக் காட்சி நிஷினோமியா.

கோபேக்கும் ஒசாக்காவுக்கும் நடுவே இருக்கிறது அந்த ஊர், அப்பா கோபேக்கு வேலைக்குப் போய்வர நாங்கள் குடியிருந்த இடம். வடக்கே மலை, தெற்கே கடல், இரண்டுக்கும் இடையில் பாய் விரித்த மாதிரி ஒரு துண்டு நிலம். நாங்கள் போனபோது எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் வயல். திரும்பும்போது அதே ஜன்னலில் இருந்து இன்னொரு வீட்டு ஜன்னல் தெரிந்தது. நம் பக்கம் ஊர் இருக்கும், பிறகுதான் ரயில் வரும். அங்கே ரயில் கம்பெனிக்காரன் வெறும் வயலுக்கு நடுவில் தண்டவாளம் போட்டு, ஒரு ஸ்டேஷனைக் கட்டி, அதைச் சுற்றி மனை போட்டு விற்றான். ரயில் வந்து நின்றுகொண்டு ஊரைக் கூப்பிட்டது.

"அப்போ மொத மொத அந்த டேசன்ல எறங்குனவன் எங்க போனான் டீச்சர்?"

"வயலுக்குள்ள."

கரி கிடையாது, புகை கிடையாது, கரண்டில் ஓடுகிற ரயில் என்று சொன்னபோது நம்பினார்கள். வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள் என்றபோது, இது என்ன பெரிய விஷயம், சப்பாத்தே இல்லாத நாங்களும்தான் அப்படி நுழைகிறோம் என்றார்கள். பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளே கூட்டித் துடைப்பார்கள் என்றதும், அதை மேனேஜர் காதில் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினார்கள். ஆனால் குடை விஷயத்தை மட்டும் அவர்களால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டால், அம்மாக்களும் பிள்ளைகளும் கையில் இன்னொரு குடையோடு ஸ்டேஷன் வாசலில் போய் நிற்பார்கள். காலையில் குடை எடுக்காமல் போன அப்பா நனையாமல் வீடு வர வேண்டும். நானும் நின்றிருக்கிறேன், என்னைவிட உயரமான குடையோடு. ரயிலிலிருந்து இறங்கும் அத்தனை தொப்பிகளுக்கும் நடுவே தொப்பி இல்லாத தலை ஒன்று வரும், அதுதான் என் அப்பா.

தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு மழையே ஆச்சரியம். மழைக்காக ஸ்டேஷனுக்குப் போவது அதைவிட ஆச்சரியம். "நாங்க மழை வந்தா சட்டையக் கழட்டிட்டு வெளிய ஓடுவோம். அவுக ஏன் டீச்சர் ஒளியுதாக?" என்று கேட்டான் ஒருவன்.

இன்னொருவன், வள்ளக்காரர் மகன், வேறு ஒன்று கேட்டான். அந்தக் கேள்விக்காக அவனைத் தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது. "எந்தக் காத்துல டீச்சர் ரயில் போகும்?" விடியுமுன் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்றில் வள்ளங்கள் வெளியே போகும். மதியத்துக்கு மேல் கடலிலிருந்து கரைக்கு அடிக்கிற காற்றில் திரும்பும். அவனுக்கு அது தெரியும். ஒரு ஊரே காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறது என்றால் ஏதோ ஒரு காற்று இருக்கத்தானே வேண்டும்?

பலகை ஒன்றில் மணல் கொட்டி ஊரைக் கட்டினோம். அப்பா முத்து அனுப்ப வைத்திருந்த அட்டைப்பெட்டிகள் மலையாயின. தீப்பெட்டிகள் வீடுகள். நான் ஒரு பாடவேளை வேறு வகுப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் களிமண்ணில் குடங்கள் வரிசையாக நின்றன.

"இது என்னலே?"

"தண்ணிக்கு வரிசை டீச்சர். அவ்வளவு வீடு கட்டிட்டானே, தண்ணி எங்கேருந்து வரும்?"

அங்கே குழாய் இருந்தது. சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு பெரிய ஊரானாலும் குடம் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். விட்டுவிட்டேன். குடங்களோடு நிஷினோமியா இன்னும் அழகாக இருந்தது.

பலகைக்கு முன்னால் ஆள் உயரத்தில் ஒரு ஸ்டேஷன். மேசை ஒன்றுதான் டிக்கெட் ஜன்னல். ஸ்டேஷனை ஒட்டி ரயில்வே கேட், மூங்கில் கழியில் சிவப்புத் தாள் சுற்றியது. நம் ஊரில் ஒன்றாம் கேட், இரண்டாம் கேட் என்று கேட்டை வைத்துத்தானே வழியே சொல்கிறோம், அதனால் கேட் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு அவர்களே வகுப்பு எடுத்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் ஓடினால் அது ரயில். டிக்கெட் கொடுக்கவும் கேட் அடைக்கவும் வகுப்பிலேயே துடியான ஒரு பெண்ணை வைத்தேன். சின்ன உருவம், மீன் ஏலம் விடுகிற குரல்.

முதல் ஒத்திகையிலேயே ரயில் நின்றுவிட்டது. அப்பா வேடம் போட்ட பையன் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறான், இவள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறாள்.

"எங்க போறியன்னு கேளுளா" என்றேன்.

"அதெப்படி டீச்சர் கேக்க? வேலைக்குப் போறவுகள எங்க போறியன்னு கேக்கப்பிடாது."

வள்ளக்காரர் பிள்ளைகள் எல்லோரும் அவள் பக்கம். "கேட்டா அன்னைக்கு மீனு படாது டீச்சர். எங்கப்பாவ ஒருக்க அப்படி யாரோ கேட்டு, அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துட்டாரு."

"ரயிலுக்கு ஏதுலே மீனு?"

"சம்பளம் படாதுல்லா!"

டிக்கெட் ஜன்னலில் ஊர் பெயர் கேட்காமல் உலகத்தில் எங்கேயும் டிக்கெட் கொடுப்பதில்லை. நான் வாதாடினேன், தோற்றேன். கடைசியில் அவர்களே ஒரு வழி செய்தார்கள். அவள் எதுவும் கேட்க மாட்டாள். போகிறவன் தானாக வந்து "போயிட்டு வாரேன்" என்பான். அவள் "போயிட்டு வாங்க" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் நிஷினோமியாவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காலையில் இதுதான் நடக்கும். செருப்பை மாட்டிக்கொண்டே போகிறவர் அவர்கள் பாஷையில் "போய்விட்டு வருகிறேன்" என்பார். உள்ளே இருப்பவர்கள் "போய்விட்டு வாருங்கள்" என்பார்கள். போகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லவே இல்லை. அவர்கள் மீன் படுவதற்காகக் கண்டுபிடித்த வழி அது. இரண்டு கரைக்கும் நடுவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் தமிழிலும், எனக்கு மறக்காமல் இருந்த ஜப்பான் எழுத்திலும் நிஷினோமியா என்று எழுதி மாட்டினேன். அதற்கு மறுநாள் டிக்கெட் கொடுக்கிற பெண்ணின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கால் வரை உப்பு வெளுத்திருந்தது. நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. அவள் புருஷன் ரங்கூன் துறைமுகத்தில் சரக்கு இறக்கப் போனவர், ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு ஒரு செய்தியும் இல்லை என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். செத்துப்போனதாகவும் யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் தாலியை எடுக்க மாட்டேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சண்டை போட்டவள் அவள்.

"எங்க இருக்கா அந்த ஜப்பான்காரி? எம்பிள்ளைய ஜப்பான்காரன் டேசன்ல டிக்கெட் கிழிக்க வச்சிருக்காளாமே!"

வகுப்பு வாசலுக்குப் போனேன். "அக்கா, நான் பட்டாளத்தப் பத்திச் சொல்லிக்கொடுக்கல. ஊரப் பத்திச் சொல்லுதேன். வீடு, ரயிலு, குடை."

"ஊரு இல்லாமயா பட்டாளம் வந்துச்சு? ஆகாசத்துலேருந்தா குதிச்சான்?"

அவள் மகள் மேசைக்குப் பின்னால் டிக்கெட்டுகளைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றாள். "வாளா வீட்டுக்கு" என்றாள் அம்மா. "ரயிலு நிக்கிதும்மா, விட்டுட்டு வாரேன்" என்றாள் மகள். அம்மா அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

ஊர் இல்லாமலா பட்டாளம் வந்தது? அன்று பகல் முழுக்க அந்தக் கேள்வி என் கூடவே நடந்தது. அவள் கேட்டது சரி. எனக்கே தெரியும், நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அடுத்த வீட்டுக்காரர், எனக்குக் காகிதத்தில் கொக்கு மடித்துக் கொடுத்தவர், தோளில் நாடா போட்டுக்கொண்டு அதே ஸ்டேஷனிலிருந்து சீனச் சண்டைக்குப் போனார். தெருவே கொடி ஆட்டியது. என் கையிலும் ஒரு காகிதக் கொடி இருந்தது. வேறு சிலர் அதே ஸ்டேஷனுக்கு வெள்ளைத் துணியில் கட்டிய சிறு பெட்டிக்குள் சாம்பலாகத் திரும்பி வந்தார்கள். அப்புறம் அந்த ஊர் மேலும் குண்டு விழுந்தது. கோபே, ஒசாக்கா என்று மட்டும் பத்திரிகையில் போட்டார்கள். எங்கள் வீடு நிற்கிறதா, என்னோடு குடை பிடித்து நின்ற பிள்ளைகள் இருக்கிறார்களா, யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடை பிடித்த ஸ்டேஷனையும் கொடி பிடித்த ஸ்டேஷனையும். ஒரே ஸ்டேஷன்தான் என்று சொன்னேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. ரங்கூன்காரர் மகள் வகுப்புக்கு வந்திருந்தாள், அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

சாயங்காலம் மேனேஜர் அண்ணாச்சி கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். வெல்லச் சிப்பத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். அதிலிருந்தே விஷயம் புரிந்தது.

"ஏம்மா, ஒன் காட்சி பிரமாதம்னு எல்லாரும் சொல்லுதாவ. ரயிலு, கேட்டு, எல்லாம் இருக்கட்டும். பேர மட்டும் மாத்திரு."

"என்னன்னு மாத்த அண்ணாச்சி?"

"லண்டன்னு எழுதிரேன். லண்டன் பக்கத்துலயும் இப்படி ரயில்ல போயிட்டு வருவானாம்லா. யாருக்கும் மனசு கஷ்டம் இல்ல பாரு."

"அண்ணாச்சி, லண்டன்காரன நாம இப்பத்தான அனுப்பி வச்சோம்? அவன் நம்ம ஆளுவள ஜெயில்ல போட்டானே, அது மனசு கஷ்டம் இல்லையா?"

"அவன் போயிட்டான்மா. போனவன் மேல என்ன கோவம்?"

"இவன் வரவே இல்லையே அண்ணாச்சி, நம்ம ஊருக்கு!"

அவர் சிரித்துவிட்டார். பிறகு தராசைத் துடைத்துக்கொண்டே, சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "விளையாட்டு இல்லம்மா. கமிட்டில நாலு பேரு, நாலு விதம். ஜூன்ல ஒனக்காக நான் பேசணும்லா? பேர மாத்துனா விழா ஹால்ல ஒனக்கு இடம். மாத்தலைன்னா ஹாலும் கெடையாது, நான் பேசவும் வழியில்ல."

வேலை வேண்டும் என்று முன்பே எழுதியிருக்கிறேன். லண்டன் என்று எழுத ஒரு நிமிஷம் ஆகாது. பிள்ளைகளுக்கு அதே ரயில், அதே குடை, அதே குடம். ஆனால் லண்டன் என்று எழுதிவிட்டால் அந்த உப்பளத்துப் பெண் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஊர் ஓர் இடத்தில் அழகாக இருக்கும், பட்டாளம் வேறு எங்கிருந்தோ வந்ததாக இருக்கும். என் பிள்ளைகள் ஜப்பான் என்றால் குண்டு என்று மட்டும் தெரிந்துகொண்டு வளருவார்கள், குண்டு போட்டவனுக்கும் வீட்டு வாசலில் யாரோ "போயிட்டு வா" என்று சொன்னார்கள் என்பது தெரியாமலே போய்விடும். அவள் கேள்வியைக் கேட்டுவிட்டாள். அதை அட்டை போட்டு மூட என்னால் முடியாது.

"லண்டன்னு எழுத மாட்டேன் அண்ணாச்சி."

"வீட்ல கேட்டுக்கிட்டு வந்து சொல்லு."

வீட்டில் கேட்டேன். அப்பா சல்லடையை ஆட்டுவதை நிறுத்தாமல், "எனக்குக் கள்ளமுத்துக்காரன்னு பேரு வச்சாங்க. நான் மாத்திச் சொன்னேனா?" என்றார். அம்மா மட்டும், "ரெண்டு பேரும் சேர்ந்து எதையாவது பண்ணுங்க, சோத்துக்கு மட்டும் எங்கிட்ட வாங்க" என்றாள்.

ஆண்டு விழாவில் எங்கள் வகுப்பின் இடத்தில் பூந்தொட்டி வைத்தார்கள். நாங்கள் அடுத்த சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஊரைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். நாலு பையன்கள் பலகையைச் சுமந்தார்கள், இருவர் மூங்கில் கேட்டை, நான் பெயர்ப்பலகையை. போகிற வழியில் அண்ணாச்சி கடை. கடைக்குள் நுழைந்து, "அண்ணாச்சி, ஒங்க குடைய ஒரு நாளைக்குக் குடுங்க. மழைக் காட்சி இருக்கு, எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக் கையில் வைத்தார்.

"எம்பேரு வெளிய வரப்பிடாது."

"வராது அண்ணாச்சி. கேட்டா வேற பேரு எழுதிருதேன்."

"போம்மா அங்கிட்டு!"

கடற்காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. தீப்பெட்டி வீடுகள் பறக்கப் பார்த்தன. பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஈர மணலைத் திணித்தார்கள். வள்ளத்துக்காரர்கள் வலையை விட்டுவிட்டு வந்தார்கள். மீன் கூடையோடு பெண்கள், தோணிக்காரர்கள், ஹாலில் இத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள். ஒரு கிழவர் பெயர்ப்பலகையைப் பார்த்து, "இது எந்த எழுத்துளா?" என்று கேட்டார். ஜப்பான் எழுத்து என்றேன். "அவன் ஊரா?" என்றார். ஆமாம் என்றேன். காறித் துப்பிவிட்டு, போகாமல், முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

உப்பளத்துப் பெண்ணும் வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மகளிடம் வந்தாள். நான் நடுவில் போய் நின்றேன்.

"அக்கா, நீங்க கேட்டதுக்கு அன்னைக்குப் பதில் சொல்லல. பட்டாளம் அந்த ஊர்லேருந்துதான் போச்சு. இந்த டேசன்லேருந்துதான். பிள்ளைகளுக்கும் சொல்லிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"போனவன் எல்லாம் திரும்பி வந்தானா?"

"எல்லாரும் வரல."

அவள் மகளை இழுக்கவில்லை. "அவ நிக்கட்டும். நான் பாக்க மாட்டேன்" என்று சொல்லி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து மணலில் உட்கார்ந்தாள். ஊரே இந்தப் பக்கம் பார்க்க, அவள் ஒருத்தி மட்டும் அந்தப் பக்கம்.

காலை ரயில் புறப்பட்டது. ஒவ்வொருவனாக வந்து "போயிட்டு வாரேன்" என்றான். மகள் ஏலக் குரலில் "போயிட்டு வாங்க" என்று டிக்கெட்டைக் கிழித்தாள். கூட்டத்தில் ஒருவர், "எந்த ஊருக்குன்னு கேக்காமலே குடுக்காளே!" என்று சிரிக்க, பக்கத்தில் இருந்த வள்ளக்காரர் அவரை முறைத்தார். கயிறு ரயில் வள்ளங்களைச் சுற்றி ஓடியது. பிறகு மழை. இரண்டு பையன்கள் குடத்திலிருந்து தண்ணீரை வாரி இறைத்தார்கள், கிழவர் மேலும் விழுந்தது. குடைகள் வந்தன, அண்ணாச்சியின் பெரிய கறுப்புக் குடைக்குள் மூன்று பேர் நுழைந்தார்கள். சாயங்கால ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது. அப்பாக்கள் இறங்கினார்கள். நனையாமல் கேட்டைத் தாண்டி வீடு போனார்கள். கூட்டம் கைதட்டியது.

எல்லோரும் போனதும் கேட்டை அடைக்க வேண்டும், அதோடு காட்சி முடிகிறது. அப்படித்தான் ஒத்திகை. அவள் அடைக்கவில்லை. மூங்கில் கழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"கேட்ட அடைளா" என்று மெதுவாகச் சொன்னேன்.

"மாட்டேன்."

"எல்லாரும் எறங்கியாச்சுல்லா."

"ஒரு ஆளு இன்னும் வரல, டீச்சர்."

கைதட்டல் நின்றது. கழி அவள் உயரத்துக்கு மேல், காற்றில் ஆடியது. கை வலித்திருக்கும். ரயிலாக ஓடிய பையன்களில் ஒருவன் அவளுக்கு உதவ வந்தான், அவனை முழங்கையால் தள்ளினாள். நான் இன்னொரு முறை சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன்.

கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் திரும்பவில்லை. அங்கிருந்தே சொன்னாள்: "அடைக்கச் சொல்லாத, ஜப்பான்காரி."

பெயர்ப்பலகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய், கழியின் மறுமுனையைப் பிடித்தேன். அதை மட்டும் மகள் தடுக்கவில்லை. பையன்கள் பலகையைத் தோளில் ஏற்றினார்கள். கழியைத் தாழ்த்தாமல், கேட் திறந்தபடியே, நாங்கள் நிஷினோமியாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் நடந்தோம்.